கம்பியின் கனமும் மின்னோட்டமும்

கிராமங்களுக்கு மின்சாரம் வந்ததனால் விளைந்த நன்மைகளை நம் வாசகர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. கவலை கட்டி நீர் இறைத்த கிணறுகளில் இன்று பம்பு செட்டுகள் ஓடுகின்றன. தெருக்குழாயில் குடிநீர் வருகிறது. எனினும், இந்த மின்சாரத்தை நம்மிடம் கொண்டு வந்து சேர்க்கும் கம்பியைப் பற்றி நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. மோட்டார் வாங்கும்போது பத்துக் கடை ஏறி இறங்குகிறோம். கம்பி வாங்கும்போது மட்டும் எது மலிவு என்று கேட்டு முடித்துக்கொள்கிறோம். இதனால் விளையும் நட்டத்தையும், அதற்கான காரணத்தையும் இக்கட்டுரையில் ஆராய்வோம்.

நாம் பணியாற்றும் வட்டாரம், 2019-ஆம் ஆண்டு நவம்பரில் தனி மாவட்டமாக அமைந்த செங்கற்பட்டின் கடற்கரைப் பகுதியைச் சார்ந்தது. மாமல்லபுரத்தை அடுத்த கடலோர ஊர்களில் ஒரு சங்கடம் உண்டு. கரைக்கு அண்மையில் ஆழமாகத் தோண்டி நீரை மிகுதியாக இறைத்தால் உவர்நீர் ஏறிவிடும். ஆதலின் குடிநீர்க் கிணற்றை ஊரைவிட்டு உள்ளே தள்ளி அமைக்க வேண்டியிருக்கிறது. கிணறு தள்ளிப் போகப் போக, மின் கம்பத்திலிருந்து மோட்டாருக்குச் செல்லும் கம்பியும் நீண்டுகொண்டே போகிறது.

ஓர் ஊராட்சியில் எழுந்த ஐயம்

அத்தகைய ஊராட்சி ஒன்றில் 5 குதிரைத் திறன் கொண்ட மூன்று பேஸ் மோட்டார் ஓராண்டுக்குள் மூன்று முறை கருகிற்று. ஒவ்வொரு முறையும் அதை வெளியே எடுத்து, காயில் கட்டி, மீண்டும் இறக்குவதற்குள் ஒரு வாரம் கழிந்துவிடும். அந்த ஒரு வாரமும் தாய்மார்கள் குடத்துடன் அடுத்த ஊர் செல்வர். மோட்டார் மட்டமானது என்றனர் சிலர். காயில் கட்டியவர் சரியில்லை என்றனர் வேறு சிலர்.

நாம் மின்பணியாளர் ஒருவருடன் சென்று அளந்து பார்த்தோம். கம்பத்தடியில் 390 வோல்ட் இருந்தது. அங்கிருந்து 250 மீட்டர் தொலைவில், மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது, அதன் இணைப்பில் 355 வோல்ட்தான் இருந்தது. மோட்டாரின் தகட்டில் பொறித்திருந்தது 415 வோல்ட், 7.5 ஆம்பியர். டாங் டெஸ்டரைக் கம்பியில் மாட்டிப் பார்த்தபோது அது 8.5 ஆம்பியர் காட்டிற்று. இடையே போடப்பட்டிருந்தது 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி. தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தது.

நோய் மோட்டாரில் இல்லை, கம்பியில் இருக்கிறது என்பது தெளிவாயிற்று. 6 சதுர மில்லிமீட்டர் கம்பி போட வேண்டும் என்று ஊராட்சி மன்றக் கூட்டத்தில் எடுத்துரைத்தோம். அப்போது மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்தார்.

“ஐயா, தாங்கள் சொல்வது விளங்குகிறது. ஆனால் வாய்க்கால் அகலமானால் தண்ணீர் கூடுதலாகப் போவதுபோல, கம்பி தடித்தால் கரண்டும் கூடுதலாகப் போகுமே! கம்பிக்கும் அதிகப் பணம், கரண்டுக்கும் அதிகக் கட்டணம் என்றால் ஊராட்சி தாங்குமா?” என்று கேட்டார்.

கூட்டத்திலிருந்த பலர் அதனை ஆமோதித்தனர். அவர் கேட்டது அறியாமையால் எழுந்த கேள்வி அன்று. அதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியை அறிந்துகொள்ள, கம்பிக்குள்ளே நடப்பது என்ன என்று பார்த்தாக வேண்டும்.

கம்பிக்குள் ஓடுவது எது?

எல்லாப் பொருள்களும் அணுக்களால் ஆனவை. அணுவினுள் எலெக்ட்ரான் என்னும் மிகச் சிறிய மின் துகள்கள் உள்ளன. இதனை 1897-ஆம் ஆண்டு ஜே. ஜே. தாம்சன் என்னும் ஆங்கில விஞ்ஞானி கண்டறிந்தார். செம்பு, அலுமினியம் போன்ற உலோகங்களில், அணுக்கள் தத்தம் இடத்தில் நிலையாக நிற்க, ஒவ்வோர் அணுவிலிருந்தும் ஒரு சில எலெக்ட்ரான்கள் மட்டும் கட்டுப்பாடின்றி உலோகம் முழுவதும் அலைகின்றன. 1900-ஆம் ஆண்டு பால் துரூட் என்னும் ஜெர்மானிய அறிஞர் இக்கருத்தைக் கொண்டு உலோகத்தில் மின்சாரம் ஓடும் விதத்தை விளக்கினார். பிற்கால ஆராய்ச்சி அவர் கணக்கில் பல திருத்தங்களைச் செய்திருப்பினும், நம் தேவைக்கு அவர் காட்டிய சித்திரமே போதுமானது.

செம்பில் அலையும் எலெக்ட்ரான்களின் எண்ணிக்கை நம் கற்பனைக்கு எட்டாதது. கேழ்வரகு மணியைவிடச் சிறிதான ஒரு கன மில்லிமீட்டர் செம்பில், 85 என்று எழுதி அதன்பின் 18 பூச்சியங்கள் இட்டால் வரும் தொகையளவு எலெக்ட்ரான்கள் உள்ளன. மின் இணைப்பு இல்லாதபோதும் இவை வினாடிக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் எல்லாத் திசைகளிலும் பறந்தவண்ணம் இருக்கின்றன. திருவிழாக் கூட்டத்தில் ஆளுக்கு ஒரு பக்கமாக நடந்தால் கூட்டம் மொத்தத்தில் எங்கும் நகராது அல்லவா? அதுபோல, இந்த அலைச்சலால் மின்னோட்டம் உண்டாவதில்லை.

கம்பியின் இரு முனைகளுக்கும் இடையே மின் அழுத்தம் கொடுத்தவுடன், அந்த அலைச்சலுக்கு நடுவிலேயே எல்லா எலெக்ட்ரான்களும் ஒரு பக்கமாகச் சற்றே நகரத் தொடங்குகின்றன. இந்த நகர்ச்சியின் வேகத்தை நகர்வேகம் என்போம். கம்பியின் ஓர் இடத்தை ஒரு வினாடியில் எத்தனை எலெக்ட்ரான்கள் கடக்கின்றன என்பதே மின்னோட்டத்தின் அளவு. அது மூன்று காரணங்களைப் பொறுத்தது. முதலாவது, உலோகத்தில் எலெக்ட்ரான்களின் நெருக்கம், இரண்டாவது, கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பு, மூன்றாவது, நகர்வேகம். இம்மூன்றையும் ஓர் எலெக்ட்ரானின் மின்னூட்டத்தையும் பெருக்கினால் ஆம்பியர் கிடைக்கும். செம்புக்கு எலெக்ட்ரான் நெருக்கம் மாறாதது. ஆகவே நம் கையில் இருப்பவை கம்பியின் கனமும், அதைச் சார்ந்த நகர்வேகமுமே.

நத்தையினும் மெதுவான நடை

இந்த நகர்வேகம் எவ்வளவு இருக்கும்? மேற்சொன்ன ஊராட்சியின் கம்பியையே எடுத்துக்கொள்வோம். அதில் 8.5 ஆம்பியர் ஒரே திசையில் ஓடுவதாகக் கொண்டு கணக்கிட்டால், 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பியில் எலெக்ட்ரான்களின் நகர்வேகம் வினாடிக்கு 0.42 மில்லிமீட்டர்தான் வருகிறது. மணிக்கு ஒன்றரை மீட்டர். கம்பத்திலிருந்து 250 மீட்டர் கடந்து மோட்டாரை அடைய ஏறத்தாழ ஏழு நாள் ஆகும். நத்தைகூட இதனினும் விரைவாக ஊர்ந்துவிடும்!

அப்படியாயின், சுவிட்சைப் போட்டவுடன் மோட்டார் சுழல்கிறதே, அது எவ்வாறு? திருக்கழுக்குன்றத்தில் தேர் இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். வடத்தின் முன்நுனியில் நிற்பவர் ஓர் அடி எடுத்து வைத்ததும் தேர் அசைகிறது. முன்நுனியில் பிடித்த கயிற்றின் பாகம் தேர்வரை சென்று சேர வேண்டும் என்பதில்லை. வடம் முழுவதும் ஒருசேர நகர்கிறது. கம்பியும் அவ்வாறே. அதன் நீளம் முழுவதும் எலெக்ட்ரான்கள் முன்னமே நிறைந்திருக்கின்றன. சுவிட்சைப் போட்டதும் ஏற்படும் மின் உந்துதல், ஒளியின் வேகத்துக்கு ஒப்பான வேகத்தில் கம்பி நெடுகப் பரவி, எல்லா எலெக்ட்ரான்களையும் ஏறத்தாழ ஒரே கணத்தில் நகர்த்திவிடுகிறது. உந்துதல்தான் விரைந்து செல்கிறது. எலெக்ட்ரான் மெல்லவே செல்கிறது.

நம் ஊர்களுக்கு வருவது மாறுதிசை மின்சாரம் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். அது ஒரு வினாடியில் 50 முறை முன்னும் பின்னுமாக ஊசலாடுகிறது. ஆகவே எலெக்ட்ரான்கள் இருந்த இடத்திலேயே, ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு தூரத்துக்குள், முன்னும் பின்னும் அசைகின்றன. கல்பாக்கத்தில் புறப்பட்ட எலெக்ட்ரான் நம் மோட்டாருக்கு வந்து சேர்வதில்லை. நம் மோட்டாரை இயக்குபவை நம் கம்பியில் உள்ள எலெக்ட்ரான்களே. எனினும், அவை அசையும் வேகத்துக்கும் கம்பியின் கனத்துக்கும் உள்ள தொடர்பு மேற்கூறிய கணக்கின்படியே அமைகிறது.

பாலாறு கற்பிக்கும் பாடம்

இனி உறுப்பினரின் ஐயத்துக்கு வருவோம். அவர் வாய்க்காலை உவமையாகக் கூறினார். நம் மாவட்டத்தின் வழியே ஓடிக் கடலில் கலக்கும் பாலாறு அதனினும் பொருத்தமான உவமை. ஆண்டின் பெரும்பகுதி பாலாற்றில் மணல்தான் தெரிகிறது. ஆயினும் மணலுக்குக் கீழே நீர் ஊறி நகர்ந்துகொண்டிருக்கிறது. அதன் வேகம் கண்ணுக்குப் புலப்படாது. எனினும் மணற்படுகை அகன்றும் ஆழ்ந்தும் இருப்பதால், அந்த மெல்லிய நகர்ச்சியே ஊற்றுக் கிணறுகளை நிரப்பி ஊர்களுக்குக் குடிநீர் தருகிறது. மணலின் இடுக்குகளில் மோதி மோதி நீர் நகர்வதும், செம்பு அணுக்களின் அதிர்வில் மோதி மோதி எலெக்ட்ரான் நகர்வதும் ஒன்றுபோலவே உள்ளன. மணலில் நீரூறும் அளவைப் பற்றி 1856-ஆம் ஆண்டு தார்சி என்னும் பிரெஞ்சுப் பொறியாளர் வகுத்த விதியும், கம்பியில் மின்னோட்டம் பற்றி 1827-ஆம் ஆண்டு ஓம் என்னும் ஜெர்மானிய அறிஞர் வகுத்த விதியும் ஒரே வடிவினவாக அமைந்திருப்பது குறிப்பிடத்தக்கது.

இந்த உவமையைக் கொண்டு இரண்டு நிலைமைகளைப் பிரித்துப் பார்ப்போம்.

முதல் நிலைமை: நீர்மட்டத்தின் சரிவு மாறாமல் இருக்கிறது, மணற்படுகையின் அகலம் மட்டும் இருமடங்காகிறது. அப்போது நீரின் வேகம் மாறாது. செல்லும் நீரின் அளவு இருமடங்காகும். அதுபோலவே, கம்பியின் இரு முனைகளிலும் ஒரே அழுத்தம் இருந்து, அதன் பரப்பு இருமடங்கானால், எலெக்ட்ரானின் நகர்வேகம் மாறாது. நகரும் எலெக்ட்ரான்களின் தொகை இருமடங்காவதால் மின்னோட்டம் இருமடங்காகும். உறுப்பினர் கூறியது இந்த நிலைமைக்குப் பொருந்தும்.

இரண்டாம் நிலைமை: கிணற்றில் நாள்தோறும் எடுக்கும் நீரின் அளவு முன்பே நிச்சயமாகிவிட்டது; படுகையின் அகலம் மட்டும் மாறுகிறது. படுகை குறுகினால் அதே அளவு நீர் விரைந்து ஊற வேண்டும். விரைந்து ஊறுவதற்குச் சரிவு அதிகம் தேவை. அதனால் கிணற்றின் நீர்மட்டம் கீழே இறங்கிவிடுகிறது. படுகை அகன்றால் நீர் மெல்ல ஊறியே தேவையை நிறைவு செய்யும், மட்டமும் இறங்காது.

நமது மோட்டார் இந்த இரண்டாம் நிலைமையைச் சேர்ந்தது. எவ்வளவு மின்னோட்டம் தேவை என்பதைத் தீர்மானிப்பது மோட்டாரும், அது தூக்க வேண்டிய நீரின் பாரமுமே. கம்பி, வழி மட்டுமே. வழி குறுகினால் எலெக்ட்ரான்கள் விரைந்து நகர வேண்டும். அந்த விரைவுக்கு வேண்டிய அழுத்தம், மோட்டாருக்குச் சேர வேண்டிய அழுத்தத்திலிருந்தே பிடித்தம் செய்யப்படுகிறது. கம்பத்தடியில் இருந்த 390 வோல்ட், மோட்டாரிடம் 355 ஆகக் குறைந்த காரணம் இதுவே.

குறைந்த அழுத்தமும் கருகும் மோட்டாரும்

இங்கே கவனிக்க வேண்டிய மற்றொன்றும் உண்டு. அழுத்தம் குறைந்தால் விளக்கு மங்கும்; அதன் மின்னோட்டமும் குறையும். பம்பு மோட்டார் அவ்வாறு அன்று. கிணற்றின் ஆழமும் நீரின் பாரமும் குறையாதிருக்க, அழுத்தம் மட்டும் குறைந்தால், அதே வேலையைச் செய்து முடிக்க மோட்டார் கூடுதலான மின்னோட்டத்தை இழுத்துக்கொள்கிறது. அழுத்தம் நூற்றுக்குப் பத்துக் குறைந்தால் மின்னோட்டம் ஏறத்தாழ நூற்றுக்குப் பத்து உயரும். 7.5 ஆம்பியருக்கென்று செய்யப்பட்ட மோட்டாரில் 8.5 ஆம்பியர் ஓடியதன் காரணம் இதுதான். இந்தக் கூடுதல் மின்னோட்டம் மோட்டாரின் சுருளைச் சூடாக்குகிறது. நாளடைவில் மேற்பூச்சு கருகிச் சுருள் எரிந்துபோகிறது. மோட்டாரைக் கிளப்பும் நேரத்திலோ, ஓடும்போது வேண்டியதைப் போல் ஐந்தாறு மடங்கு மின்னோட்டம் தேவைப்படும். மெல்லிய கம்பியில் அப்போது ஏற்படும் இழப்பினால் மோட்டார் சுழலாமலே முனகி நிற்பதும் உண்டு.

கம்பியும் சூடாகிறது. எலெக்ட்ரான்கள் அணுக்களின் மேல் மோதும்போது, தாம் பெற்ற சக்தியைச் சூடாக இழக்கின்றன. மின்னோட்டம் இருமடங்கானால் சூடு நான்கு மடங்காகும் என்பதை 1841-ஆம் ஆண்டு ஜூல் என்னும் ஆங்கிலேயர் சோதனையால் காட்டினார். நகர்வேகத்தைக் கொண்டும் இதனை விளக்கலாம். கம்பியின் பரப்பு பாதியானால் அதே மின்னோட்டத்துக்கு நகர்வேகம் இருமடங்காகிறது. அப்போது ஒவ்வொரு துளி செம்பிலும் எழும் சூடு நான்கு மடங்காகும். செம்பின் அளவோ பாதிதான். ஆகவே மொத்தச் சூடு இருமடங்காகிறது. அதுவும் பாதிச் செம்பில் அடைபட்டு எழுவதால், கம்பியின் உறை இளகிக் கெடுகிறது.

கணக்கைப் பார்ப்போம். ஒரு சதுர மில்லிமீட்டர் பரப்பும் ஒரு மீட்டர் நீளமும் உள்ள செம்புக் கம்பியின் தடை ஏறத்தாழ 0.0172 ஓம். 250 மீட்டருக்கு, 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பி ஒன்றின் தடை 2.87 ஓம், 6 சதுர மில்லிமீட்டர் கம்பி ஒன்றின் தடை 0.72 ஓம். மெல்லிய கம்பி மூன்றிலும் 8.5 ஆம்பியர் ஓடும்போது வீணாகும் சக்தி சுமார் 620 வாட். அதாவது மோட்டாரின் திறனில் ஆறில் ஒரு பங்கு, மண்ணையும் காற்றையும் சூடாக்கவே செலவாகிறது.

ஊராட்சி மன்றம் இதனைக் கேட்டு, தடித்த கம்பி போடத் தீர்மானித்தது. போட்டு முடித்த அன்று அந்த மூத்த உறுப்பினர் நேரில் வந்து நின்றார். கம்பத்தடியில் அதே 390 வோல்ட். மோட்டாரிடம் 382 வோல்ட். டாங் டெஸ்டர் காட்டியது 8 ஆம்பியர். கம்பி தடித்ததால் மின்னோட்டம் கூடவில்லை, குறைந்தது! “இதைக் கண்ணால் பார்த்தபின் பேச்சுக்கு இடமில்லை, ஐயா” என்றார் அவர்.

கம்பியில் வீணாகும் சக்தி 140 வாட் அளவுக்கு இறங்கியது. நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் மோட்டார் ஓடினால், மிச்சமாகும் மின்சாரம் ஓராண்டில் ஆயிரம் யூனிட்டைத் தாண்டும். தடித்த கம்பியில் எலெக்ட்ரானின் நகர்வேகம் வினாடிக்கு 0.1 மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. முன்போல் ஒரே திசை ஓட்டமாகக் கணக்கிட்டால், ஏழு நாளில் கடந்த தூரத்தை அது கடக்க ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். எலெக்ட்ரான் எவ்வளவு நிதானமாக நடக்கிறதோ, அவ்வளவுக்கு நமக்கு லாபம் என்று கொள்ளலாம்.

கட்டணமில்லா மின்சாரம் பெறும் விவசாய நண்பர்கள், யூனிட் மிச்சமாவதால் நமக்கென்ன என்று எண்ணலாகாது. கருகிய மோட்டாருக்குக் காயில் கட்டும் செலவு அவர்களுடையது. கதிர் பால் பிடிக்கும் தறுவாயில் ஒரு வாரம் தண்ணீர் பாயாது நின்றால் ஏற்படும் நட்டமும் அவர்களுடையதே.

கல்பாக்கமும் சிற்பக் கூடமும்

இந்தத் தத்துவத்தைப் பெரிய அளவில் காண வேறெங்கும் போக வேண்டுவதில்லை. நம் கடற்கரையிலேயே, கல்பாக்கத்தில், சென்னை அணுமின் நிலையத்தின் முதல் அலகு 1983-ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிற்று. 220 மெகாவாட் மின்சாரத்தை 415 வோல்ட்டில் அனுப்புவதாக இருந்தால் மூன்று லட்சம் ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டும். அதனைத் தாங்கும் கம்பி பனைமரத்தின் பருமன் இருந்தாலும் போதாது என்னும்படி இழப்பு ஏற்படும். ஆகவே அழுத்தத்தை 2,30,000 வோல்ட்டாக உயர்த்துகின்றனர். அப்போது சுமார் 550 ஆம்பியரே போதுமாகிறது. பின்னர் துணைமின் நிலையங்களில் படிப்படியாக அழுத்தத்தைக் குறைத்து, 11,000 வோல்ட் வழியாக நம் ஊர் டிரான்ஸ்பார்மருக்குக் கொண்டு வருகின்றனர். டிரான்ஸ்பார்மர் பம்பு செட்டுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவு நன்மை என்பதும் இதனால் விளங்கும்.

சிறிய அளவில் காண வேண்டுமாயின் மாமல்லபுரத்துச் சிற்பக் கூடங்களுக்குச் செல்லலாம். உளியும் சுத்தியும் கொண்டு செய்த வேலையில் ஒரு பகுதியை இன்று கல் அறுக்கும் மின் கருவிகள் செய்கின்றன. 9 ஆம்பியர் இழுக்கும் கருவியை, 0.75 சதுர மில்லிமீட்டர் கம்பியில் 50 மீட்டர் தள்ளி வைத்து இயக்கினால், போக வர இரு கம்பிகளிலும் சேர்ந்து 20 வோல்ட் இழப்பாகும். 185 வாட் அளவுக்குச் சூடு எழும். நீளம் மிச்சம் என்று அக்கம்பியைச் சுருட்டி வைத்தபடியே பயன்படுத்தினால், சூடு வெளியேற வழியின்றி உறை உருகித் தீப்பிடிக்கவும் கூடும். 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியில் இழப்பு 6 வோல்ட்டும், சூடு 56 வாட்டும்தான்.

கடற்காற்றும் இணைப்புகளும்

கம்பி முழுவதும் தடித்திருந்து ஓர் இடத்தில் மட்டும் இளைத்திருந்தாலும் தீங்கே. அகன்ற சாலையில் ஒரு குறுகிய பாலம் போல, அந்த ஓரிடத்தில் எலெக்ட்ரான்கள் விரைந்து நெருக்கியடித்துச் செல்ல நேர்கிறது. அங்கே சூடு மிகுகிறது. முறுக்கிச் சுற்றிய இணைப்புகளில் இழைகள் ஒன்றையொன்று தொடும் இடம் மிகச் சிறிது. உப்புக் காற்று வீசும் நம் கடற்கரையில் அவ்விடங்களில் களிம்பு ஏறி, தொடும் பரப்பு மேலும் குறைகிறது. செம்பையும் அலுமினியத்தையும் நேரே முறுக்கினால் அரிமானம் இன்னும் விரைவாக நடக்கும். 2022-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை அடுத்துக் கரை கடந்தது. அத்தகைய புயலுக்குப்பின் அவசரமாகப் போட்ட ஒட்டுகளை அப்படியே விட்டுவிடாமல், மழை ஓய்ந்ததும் முறையாக மாற்றிவிட வேண்டும்.

ஓரிடத்தில் மட்டும் கம்பி வேண்டுமென்றே மெல்லியதாக வைக்கப்படுகிறது. அதுவே பியூஸ். அளவுக்கு மீறிய மின்னோட்டம் பாய்ந்தால் முதலில் அது உருகி, மோட்டாரையும் வீட்டையும் காக்கிறது. அடிக்கடி பியூஸ் போகிறதென்று அங்கே தடித்த கம்பியைக் கட்டுவோர் பலர் உள்ளனர். தடித்த கம்பி நல்லது என்னும் பாடம் இங்கு மட்டும் பொருந்தாது. பியூஸ் போவது நோயின் அறிகுறி. நோயைத் தேடாமல் அறிகுறியை மறைப்பது பேராபத்து.

நினைவில் கொள்ளத்தக்கவை

1. மோட்டாரின் ஆம்பியரையும் கம்பத்திலிருந்து உள்ள தூரத்தையும் அளந்து, அதற்கேற்ற கம்பியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆழ்துளைக் கிணற்றுக்குள் இறங்கும் நீளத்தையும் சேர்த்துக்கொள்க. அழுத்த இழப்பு நூற்றுக்கு மூன்றுக்குள், அதாவது 415 வோல்ட்டுக்கு 12 வோல்ட்டுக்குள், இருப்பது நலம். தூரம் இருமடங்கானால் பரப்பும் இருமடங்காக வேண்டும்.

2. கம்பியின் விட்டத்தையும் பரப்பையும் குழப்பிக்கொள்ளலாகாது. விட்டம் இருமடங்கானால் பரப்பு நான்கு மடங்கு. 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பிக்கும் 6 சதுர மில்லிமீட்டர் கம்பிக்கும் உள்ள வேறுபாடு இதுவே. பழைய வழக்கப்படி 7/20 என்றால், 20 கேஜ் இழைகள் ஏழு கொண்டது. அதன் பரப்பு ஏறத்தாழ 4.6 சதுர மில்லிமீட்டர். கேஜ் எண் ஏற ஏற இழை மெலியும்.

3. அலுமினியத்தின் தடை செம்பினதைப் போல் 1.6 மடங்கு. 6 சதுர மில்லிமீட்டர் செம்புக்கு ஈடாக 10 சதுர மில்லிமீட்டர் அலுமினியம் போட வேண்டும்.

4. ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள கம்பியையே வாங்குக. ஐயம் இருப்பின் ஒரு மீட்டர் துண்டின் உறையை உரித்துச் செம்பை மட்டும் நிறுத்துப் பார்க்கலாம். சதுர மில்லிமீட்டர் ஒன்றுக்கு 9 கிராம் என்பது கணக்கு. 4 சதுர மில்லிமீட்டர் கம்பி 36 கிராமும், 6 சதுர மில்லிமீட்டர் கம்பி 54 கிராமும் இருக்க வேண்டும். சிறிதளவு குறைவதில் தவறில்லை. பெரிதும் குறைந்தால் பெயருக்குத்தான் அந்தக் கனம்.

5. ஆண்டுக்கு இருமுறையேனும் மோட்டார் ஓடும்போது கம்பத்தடியிலும் மோட்டாரிடத்தும் வோல்ட்டை அளந்து, ஊராட்சிப் பதிவேட்டில் குறித்துவைக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு வளர்ந்தால் இணைப்புகளைச் சோதிக்க வேண்டும். கம்பத்தடியிலேயே அழுத்தம் குறைவாக இருந்தால் மின்சார வாரிய அலுவலகத்துக்கு எழுதுக.

6. அளப்பதும் மாற்றுவதும் தகுதி பெற்ற மின்பணியாளர் செய்ய வேண்டியவை. நாமே கைவைப்பது கூடாது.

ஊராட்சி மன்றத்தில் செலவுத் தீர்மானம் வரும்போது, கம்பியின் விலையை மட்டும் தனியே பார்த்துக் குறைக்க முற்படுவது இயல்பு. மோட்டாருக்குக் காயில் கட்டிய செலவையும், வீணான யூனிட்டையும், குழாயில் நீர் வராத நாட்களில் தாய்மார்கள் நடந்த நடையையும் அந்தக் கணக்கில் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதே நம் வேண்டுகோள். மேற்கூறிய ஊராட்சியில் பழைய கம்பியின் ஒரு துண்டும் புதிய கம்பியின் ஒரு துண்டும் அலுவலக மேசை மேல் இன்றும் இருக்கின்றன. கூட்டத்துக்கு வருவோர் அவற்றை எடுத்துப் பார்க்கின்றனர். அடுத்த கிராம சபையில் நம் வாசகர்களும் தத்தம் ஊர் மோட்டாரின் கம்பியைப் பற்றி ஒரு கேள்வி எழுப்புவார்களாயின், இக்கட்டுரை எழுதிய பயன் நிறைவேறும்.